கீழக்குயில்குடியில் முகப்படம் எடுக்கத் தயாராவது

வேலைக்கான முகப்படம் தலையிலிருந்து மார்பு வரை மட்டும் காட்டுவது. முன்பின் தெரியாத ஒருவர் பார்த்து, இன்னார் என்று அறிந்து, நம்பிப் பேச வருவதற்காக எடுக்கப்படுவது. லிங்க்டின் பக்கம், கல்லூரித் துறையின் இணையதளம், மருத்துவமனையின் டாக்டர் பட்டியல், புத்தகத்தின் பின்னட்டை, கருத்தரங்க அழைப்பிதழ் என்று அது போய் உட்காரும் இடங்கள் பல. பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு இது உறவுதான் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. பாஸ்போர்ட், விசா படங்களில் எல்லாவற்றையும் கேட்கிற அலுவலகமே முடிவு செய்துவிடுகிறது. அமெரிக்க விசாவுக்கு 51 மில்லிமீட்டர் சதுரம், வெள்ளைப் பின்னணி. 2016 நவம்பர் 1 முதல் மூக்குக்கண்ணாடியும் கூடாது. வேலைக்கான முகப்படத்தில் இந்த முடிவுகள் அத்தனையும் படத்துக்கு உரியவர் கையில் இருக்கின்றன. கேமரா முன்னால் உட்காருவதற்கு முன்பே அவற்றை எடுத்து வைத்துக்கொள்வதைத்தான் தயாரிப்பு என்கிறோம்.

மதுரைக்கு மேற்கே, தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வழியாக உள்ளே திரும்பினால் கீழக்குயில்குடி. காமராசர் பல்கலைக்கழகமும் வடபழஞ்சி எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் பக்கத்தில்தான். ஆய்வு மாணவர்களும், வேலை தேடுகிறவர்களும், புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும் இந்தப் பக்கம் ஏராளம். சமணர் மலை, அதன் அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக்குளம், விழுது இறங்கிய ஆலமரங்கள் என்று ஒரே இடத்தில் இவ்வளவும் இருப்பதால் கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் எப்போதும் இங்கே வருகிறார்கள். முகப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேறுபாடு மனத்தில் இருக்க வேண்டும். கல்யாணப் படத்துக்கு மலை வேண்டும். முகப்படத்துக்கு மலை தேவையே இல்லை. விரல் நக அளவுக்குச் சுருங்கப்போகிற படத்தில் மலை ஒரு பழுப்புத் திட்டாகத்தான் தெரியும். இங்கே வர வேண்டியது ஒளிக்காக. அதாவது நிழலுக்காக.

மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.9 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப்பொழுதில், கடிகாரத்தில் சுமார் 12.20 மணிக்கு, சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண்குழியை மூடிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். ஆண்டு முழுவதும் இங்கே நண்பகல் வெயில் செங்குத்தான வெயில்தான். புகைப்படப் புத்தகங்கள் புகழ்கிற காலை, மாலைப் பொன்னொளியும் இந்த ஊரில் சீக்கிரம் தீர்ந்துவிடும். சூரியன் இங்கே சாய்வாக ஏறுவதில்லை. ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். ஏப்ரலில் காலை ஆறு மணியை ஒட்டி உதிப்பது ஒன்பது மணிக்குள் 40 டிகிரி உயரத்தைத் தாண்டிவிடுகிறது. ஆகவே வெட்டவெளியில் எடுப்பதானால் காலையில் உதித்த பின் ஒரு மணி நேரம், மாலையில் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அவகாசம். ஆறு மணிக்கு வரச் சொன்ன போட்டோகிராபரை ஆறரைக்குச் சந்தித்தால் அன்றைய காலை ஒளியில் பாதி போய்விட்டது என்று பொருள்.

வடக்குப் பார்த்த ஜன்னலின் ஒளி நாள் முழுக்க மாறாமல் மென்மையாக இருக்கும் என்பது ஐரோப்பிய ஓவியர்களிடமிருந்து வந்த பாடம். எல்லாப் புகைப்படக் கையேட்டிலும் அது இருக்கும். மதுரைக்கு அது பாதி ஆண்டுதான் பொருந்தும். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் கடைசி வரை சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே தள்ளித்தான் உதிக்கிறது, வடக்கே தள்ளித்தான் மறைகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னல் வழியாகக் காலையும் மாலையும் வெயில் நேரே உள்ளே வரும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில்கூடச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. வீட்டிலோ அலுவலகத்திலோ எடுக்க நினைக்கிறவர்கள் புத்தகத்தை நம்புவதைவிட முந்தைய நாள் அதே நேரத்தில் அந்த ஜன்னலருகே போய் நின்று பார்ப்பது மேல்.

ஆலமரத்தடி இதற்கெல்லாம் விடை. ஆனால் மரத்தின் நட்டநடுவில் அல்ல. நடுவில் இலை இடுக்கு வழியாக விழும் வெயில் பொட்டுகள் முகத்தில் புள்ளி புள்ளியாகப் படியும். நிழலும் மிகக் கனமாக இருக்கும். நிழலின் ஓரத்துக்கு வந்து, வெளிச்சமுள்ள திறந்த வானத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். தலைக்கு மேல் கூரை போல மரம், எதிரில் அகலமான வானம்: ஒளி முன்னாலிருந்து வருகிறது, மேலிருந்து வருவதில்லை. கண்மணியில் வானத்தின் சிறு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் நிற்கும் இடம் சரி. அது தெரியாவிட்டால் கண் உயிரில்லாமல் தெரியும். எந்தக் கேமராவாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. காலடியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். புல்தரை தாடைக்கடியில் பச்சையை ஏற்றும். செம்மண் சிவப்பை ஏற்றும். கடையில் வாங்கிய ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை மார்புக்குக் கீழே படத்தில் விழாத இடத்தில் பிடித்தால் இரண்டும் அடங்கும், கண்ணுக்கடியில் உள்ள இருட்டும் குறையும். ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் கருவிகள் செய்கிற வேலையை அந்த அட்டை செய்துவிடும்.

இடத்துக்கென்று சில ஒழுங்குகள் உண்டு. சமணர் மலை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் உள்ள தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும், அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டவை. சொந்த உபயோகத்துக்குக் கையில் பிடித்துப் படம் எடுக்கத் தடையில்லை. முக்காலி, விளக்குகள், தொழில்முறைப் படப்பிடிப்பு என்று போனால் முன்கூட்டியே துறையின் அனுமதி வேண்டும். சிற்பத்தின் மேல் சாய்ந்து நிற்பதும், கல்வெட்டில் கை வைப்பதும் கூடவே கூடாது. கை வியர்வையும் எண்ணெயும் கல்லுக்குச் சேதம். அடிவாரத்து அய்யனார் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிற கோயில். கும்பிட வந்தவர்களை ஓரம் போகச் சொல்லிப் படம் எடுப்பது அழகல்ல. கோயில் எல்லைக்குள் எடுப்பதானால் அங்கே இருக்கிற பூசாரியிடமோ ஊர்ப் பெரியவரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்கலாம். கேட்டால் பெரும்பாலும் மறுப்பு வராது.

இந்த ஊருக்கு அடையாளம் என்பது சாதாரண விஷயமாக இருந்ததில்லை. பிரிட்டிஷ் அரசின் குற்றப் பரம்பரைச் சட்டம் மதுரைச் சுற்றுவட்டாரத்தில் 1914-இல் நடைமுறைக்கு வந்தபோது முதலில் அதில் சிக்கிய ஊர்களில் கீழக்குயில்குடியும் ஒன்று. பிறந்த சாதிக்காகவே ஆண்களின் கைரேகையைப் பதிவு செய்தார்கள். மக்கள் வாயில் அது ரேகைச் சட்டம் என்றே இருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் ஒழிந்தது. ஒரு தலைமுறைக்கு அடையாளம் என்றால் அரசாங்கம் பிடுங்கி வைத்துக்கொள்வது. பேரன் பேத்திகளுக்கு அது தாங்களே தேர்ந்தெடுத்துக் கொடுப்பது. வேலைக்கான ஒரு படத்தை இவ்வளவு அக்கறையாக எடுக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு இந்த ஊரில் நின்று பதில் சொல்வது எளிது.

முதல் முடிவு, படம் எங்கே போகப்போகிறது என்பது. உடை, பின்னணி, முகபாவம் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்புகின்றன. மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவருக்குக் கோட்டு கட்டாயமில்லை. அங்கே ஒருவரும் அதை அணிவதில்லை. பள்ளி ஆசிரியருக்கும் வங்கி மேலாளருக்கும் தினமும் வேலைக்குப் போகும் உடையில் நல்லதொன்று போதும். வழக்கறிஞர்களுக்குத் தனிக் கணக்கு. மதுரையில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இருப்பதால் இது பலருக்கும் பயன்படும். நீதிமன்றத்துக்கு வெளியே, விழாக்கள் தவிர்த்த பொது இடங்களில், கழுத்துப் பட்டையும் அங்கியும் அணியக் கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்ற விதி. ஆலமரத்தடியில் அங்கியோடு நிற்பது சரியாகாது. கருப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாகத் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து எடுப்பதே பொருத்தம். விளம்பரம் தேடுவதை விதி 36 தடுப்பதால் படத்தை எங்கே போடலாம் என்பதையும் அவர்கள் முதலிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது.

துணி பற்றிச் சுருக்கமாக. நுண்ணிய கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் அலை அலையாக நெளியும். திரையில் சிறிதாகும்போது இன்னும் மோசமாகும். சுங்குடிச் சேலை கட்டுகிறவர்கள் பொடிப் புள்ளியைத் தவிர்த்து, தோள் பக்கம் வெறுமையாக வரும்படி மடிப்பு வைக்கலாம். பளிச்சென்ற வெள்ளைச் சட்டை கருத்த முகத்துக்குப் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும். இளநீலமோ, பழுப்பேறிய வெள்ளையோ, அடர் பச்சை, அரக்கு போன்றவையோ முகத்தை முன்னே விடும். பருத்தி கசங்கும். ஆகவே உடுத்திக்கொண்டு பைக்கில் வராமல், தேய்த்ததை மாட்டியோடு கொண்டு வந்து அங்கே மாற்றுவது நல்லது. திருநீறு, குங்குமம், மல்லிகைப்பூ, தாடி, முக்காடு எதுவானாலும் தினமும் உள்ளது படத்திலும் இருக்கட்டும். படத்துக்கென்று சேர்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். பூ வைத்தால் மட்டும், தோளின் முன்பக்கம் தொங்காமல் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். படத்தின் ஓரத்தில் நிற்கும் வெள்ளை கண்ணை அங்கே இழுத்துவிடும்.

முடிவெட்டை ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். முந்தைய நாள் முடிவெட்டிய தலை புதிதாகத் தெரியும். புருவம் திருத்துவதானால் இரண்டு மூன்று நாள் இடைவெளி வேண்டும், சிவப்பு அடங்க. புதிய கிரீம் எதையும் அந்த வாரத்தில் முகத்தில் சோதித்துப் பார்க்கக் கூடாது. தேங்காயெண்ணெய் அதிகமானால் நெற்றி முழுக்க வானம் மின்னும். இன்னொன்று பலருக்கும் தெரியாதது: சன்ஸ்கிரீன்களில் உள்ள துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அடித்து முகத்தில் சாம்பல் பூசியது போலக் காட்டும். முகப்பவுடரும் அதையே செய்யும். கருத்த தோலில் இது மிகத் தெளிவாகத் தெரியும். வியர்வைக்குப் பவுடர் மருந்தல்ல. நல்ல பருத்திக் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பதே போதும். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். மரத்தடிக்கு வந்ததும் பத்து நிமிடம் காற்றில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, உடம்பு ஆறிய பிறகு தொடங்கலாம்.

மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் அதை அணிந்தே எடுக்க வேண்டும். அதுதான் அவர்கள் முகம். வெயிலில் தானாகக் கருக்கும் கண்ணாடியாக இருந்தால் மட்டும் வெளியில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டால் ஒரு நிமிடத்துக்குள் இருண்டுவிடும். தெளிய பல நிமிடங்கள் ஆகும். மர நிழலிலும் வானத்தின் புற ஊதாக் கதிர் இருக்கத்தான் செய்கிறது. பழைய, கருக்காத கண்ணாடி ஒன்றைக் கையோடு கொண்டு வரலாம். கண்ணாடியில் வானம் பிரதிபலித்தால் அதன் காதுப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் சில்லு கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு விலகும்.

போட்டோகிராபரிடம் பேச வேண்டியது எவ்வளவோ இருந்தாலும் தலையாயது தோலின் நிறம். கேமராவின் ஒளிமானி எதிரில் உள்ளதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக எடுத்துக்கொள்ளும். பின்னால் வெளிறிய வானமோ வெள்ளைச் சுவரோ இருந்தால் மொத்தத்தையும் இருட்டாக்கி முகத்தைக் கரியாக்கிவிடும். முகத்தை மட்டும் அளந்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கைபேசியிலும் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். கருத்த முகம் படத்தில் சரியாக வராது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்ததில் பழுது முகத்தில் இல்லை, அளவில் இருந்தது. கோடாக் நிறுவனம் வண்ணப் படச்சுருள் காலத்தில் ஆய்வகங்களுக்கு அனுப்பிய ஷர்லி அட்டைகளில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். உலகம் முழுக்க அச்சு வண்ணம் அதை வைத்தே சரிபார்க்கப்பட்டது. பல நிறத்தவர் சேர்ந்த அட்டை 1990-களில்தான் வந்தது. கூகுள் தன் பிக்சல் 6 கைபேசியில் கருத்த தோலுக்கான திருத்தங்களை ரியல் டோன் என்று பெயரிட்டு விளம்பரப்படுத்தியது 2021-இல். இவ்வளவு நாள் ஆன ஒரு குறையை நம்மூர் ஸ்டுடியோக்கள் வேறு வழியில் சமாளித்தன: கம்ப்யூட்டரில் ஏற்றி வெளுத்துக் கொடுப்பது. கேட்காமலே செய்து கொடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அன்பாகத்தான் செய்கிறார்கள். அதனால் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்: நிறத்தைத் தொட வேண்டாம். கைபேசியிலும் பல தயாரிப்புகளில் முகத்தை மழுப்பும் அழகூட்டி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதைத் தேடி அணைக்க வேண்டும். நேர்முகத் தேர்வின் அறைக்குள் நுழைகிற ஆள் படத்தில் உள்ளவரைவிட இரண்டு மடங்கு கருத்திருந்தால், எதிரில் இருக்கிறவருக்கு முதல் கணமே ஒரு தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்தை வரவழைக்கவா படம் எடுத்தோம்?

லென்சைப் பற்றி ஒன்றே ஒன்று. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம். கையை நீட்டிக் கைபேசியால் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிவிடும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, முழு அளவுக் கேமராவானால் 85 மில்லிமீட்டர் அளவிலான லென்சால், கைபேசியானால் இரண்டு அல்லது மூன்று மடங்குப் பெருக்கத்தில் எடுக்க வேண்டும். கேமரா கண் மட்டத்தில் இருக்க வேண்டும், கவனம் அருகிலுள்ள கண்ணில்.

உட்காருவதே நல்லது, முதுகில்லாத ஸ்டூல் அல்லது மரத்தடிக் கல். தோளை ஒரு பக்கம் சற்றுத் திருப்பி, முகத்தை மட்டும் கேமரா பக்கம் கொண்டுவந்து, தாடையை ஆமை போலக் கொஞ்சம் முன்னால் நீட்டித் தாழ்த்த வேண்டும். செய்கிறபோது அபத்தமாக இருக்கும். படத்தில் தாடைக்கோடு தெளிவாக விழும். முகபாவம்தான் கடினம். நம் வீட்டுச் சுவர்களில் உள்ள பழைய படங்களில் யாரும் சிரிப்பதில்லை. ஓவியத் திரைக்கு முன்னால், நாற்காலி முதுகில் கை வைத்து, மூச்சைப் பிடித்து நிற்பார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோ படங்களைத் திரட்டி மின்வடிவில் காத்து வைத்திருக்கிறது. அவற்றில் இந்த நிற்கும் விதத்தைக் காணலாம். வாழ்நாளில் ஒன்றிரண்டு முறையே படம் எடுத்தவர்களுக்கு அந்தக் கம்பீரம் இயல்பு. அது பிடித்தவர்கள் சிரிக்காமலே எடுத்துக்கொள்ளலாம், தவறே இல்லை. சிரிக்க விரும்புகிறவர்கள் ‘சிரிங்க’ என்று சொன்னதும் பல்லைக் காட்டக் கூடாது. கூட வந்த தோழியோ அண்ணனோ கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, வேலையைப் பற்றி ஏதாவது கேட்கட்டும். பதில் சொல்லி முடித்த அடுத்த நொடி முகத்தில் தங்கியிருப்பதே எடுக்க வேண்டிய படம். முதல் இருபது முப்பது படங்கள் உடம்பு பழகுவதற்கென்று போகட்டும்.

தேர்ந்தெடுப்பதை அங்கேயே செய்ய வேண்டாம். வீட்டுக்குப் போய், மறுநாள், படத்தை நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். கண் தெரிகிறதா, வட்டத்துக்குள் வெட்டினால் தலை உச்சி போகிறதா என்று பார்த்து, மூன்று நான்கை ஒதுக்கி, உடன் வேலை பார்க்கிறவர் ஒருவரிடம் காட்டலாம். வீட்டார் அழகான படத்தை எடுப்பார்கள். உடன் வேலை பார்க்கிறவர் ஆளைப் போலிருக்கும் படத்தை எடுப்பார்.

டச்சப்புக்கு ஒரு நல்ல விதி உண்டு. இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடுவதை நீக்கலாம்: பரு, சவரக் கீறல், சட்டையில் ஒட்டிய நூல். நிலையாக இருப்பதை விட்டுவிட வேண்டும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதியிருக்கிற அதே மச்சத்தை வேலைக்கான படத்தில் அழிப்பது என்ன நியாயம்?

கடைசியாகக் கோப்பும் உரிமையும். முழு அளவுப் படம் ஒன்று, சதுரமாக வெட்டியது ஒன்று என இரண்டைக் கேட்டு வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும், அல்லது பென் டிரைவில் வாங்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-ஆம் பிரிவின்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டவரே. ஸ்டுடியோ அதைத் தன் விளம்பரத்திலோ இன்ஸ்டாகிராமிலோ போட விரும்பினால் ஒப்புதல் கேட்க வேண்டும்; வேண்டாம் என்றால் முன்பணம் கொடுக்கும்போதே அதைச் சொல்லி, ஒரு குறுஞ்செய்தியாகவாவது எழுதி வாங்கிக்கொள்ளலாம். தாடி வைத்தாலோ எடுத்தாலோ, கண்ணாடி மாறினாலோ, நரையை மறைப்பதை நிறுத்தினாலோ அந்தப் படத்தின் காலம் முடிந்தது. மறுபடி ஒரு காலை வேளை ஆலமரத்தடிக்கு வர வேண்டியதுதான். மற்றபடி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அதே படம் தாங்கும்.